கோன் ஃபில்டர் எந்தக் காற்றை இழுக்கிறது?

காரோடு வந்த ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் இடத்தில் பளபளக்கும் அலுமினியக் குழாயையும் கூம்பு வடிவில் திறந்திருக்கும் கோன் ஃபில்டரையும் மாட்டிக்கொள்வது சென்னையில் புதிய பழக்கம் அல்ல. நான் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக்கிலும் முந்தைய உரிமையாளர் அப்படி ஒன்றைப் பொருத்தியிருந்தார். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எழும் உறுமல் எனக்கும் பிடித்தே இருந்தது. ஆனால் கத்திரி வெயிலில், ஏசியைப் போட்டுக்கொண்டு, ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு பல்லாவரம் மேம்பாலத்தில் ஏறினால், அதே வண்டி இரண்டு ஆட்களைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டதைப் போலத் திணறியது. காலை ஆறு மணிக்கு அதே மேம்பாலத்தில் அந்தத் திணறல் இல்லை. ஃபில்டரின் பிராண்டையும் குழாயின் விட்டத்தையும் பற்றிப் பேசுகிற அளவுக்கு, அந்த ஃபில்டர் எங்கிருந்து காற்றை எடுக்கிறது என்பதைப் பற்றி நாம் பேசுவதில்லை. என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம்.

அழுத்தம் மாறாதவரை, காற்றின் அடர்த்தி கெல்வின் அளவிலான வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் குறையும். 35 டிகிரி செல்சியஸ் என்பது 308 கெல்வின். 65 டிகிரி என்பது 338. ஆகவே வெளியே 35 டிகிரியில் இருக்கும் காற்று பானட்டுக்குள் 65 டிகிரியாகச் சூடேறி எஞ்சினுக்குள் போனால், அதே கொள்ளளவில் சுமார் 9 சதவீதம் குறைவான ஆக்சிஜன்தான் உள்ளே போகிறது. ஏறத்தாழ 3 டிகிரிக்கு 1 சதவீதம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இந்த இழப்பு தெரிவது ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தும்போதுதான். பாதி அழுத்தி ஓட்டும்போது கால் தானாகவே இன்னும் கொஞ்சம் அழுத்தி ஈடுகட்டிவிடும். ஆனால் சூடான காற்று இன்னொரு வேலையும் செய்கிறது. சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை நேரம் தவறி வெடிக்கும் ‘நாக்கிங்’ என்ற கோளாறுக்கு அது வழிவிடுகிறது. அதைத் தவிர்க்க, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ ஸ்பார்க் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அடர்த்தியில் இழந்தது போக, இதிலும் இழுவை குறைகிறது. சென்னையின் ஈரப்பதமும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது: 35 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் என்றால், உள்ளே போகும் காற்றில் ஏறத்தாழ 4 சதவீதம் வெறும் நீராவி. அதற்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. சூட்டுக்கு மட்டும்தான் வழி உண்டு.

எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பார்ப்பது நல்லது. ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் சென்சார் அளவுகளைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் சிறிய புளூடூத் கருவியும், கைப்பேசியில் ஒரு செயலியும் போதும். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இன்டேக் வெப்பநிலையை, அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூட்டைச் சொல்லும் சென்சார் ஏற்கெனவே இருக்கிறது. ஓபிடி மொழியில் அதன் குறியீடு 0எஃப், வரும் எண்ணிலிருந்து 40ஐக் கழித்தால் செல்சியஸ். செயலியே அதைக் கழித்துக் காட்டிவிடும். அந்த எண்ணைத் தனியாகப் பார்ப்பதால் பெரிய பயன் இல்லை, வெளிக்காற்றைவிட அது எத்தனை டிகிரி கூடுதல் என்று பார்க்க வேண்டும். மார்கழியில் 45 டிகிரி காட்டும் வண்டியைவிட வைகாசியில் 50 காட்டும் வண்டி நன்றாக மூச்சுவிடுவதாகக் கொள்ளலாம். என் வண்டியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சீராக ஓடும்போது அந்த இடைவெளி பத்து, பன்னிரண்டு டிகிரிக்குள் இருந்தது. குரோம்பேட்டை சிக்னலில் நின்றால் முப்பதைத் தொட்டது.

அந்த முப்பது டிகிரி எங்கிருந்து வருகிறது என்பதை பானட்டைத் திறந்து பார்த்தாலே புரிந்துவிடும். முன்னால் ஏசி கண்டென்சர், அதற்குப் பின்னால் 90 டிகிரிக்கு மேல் சூடான கூலன்ட் ஓடும் ரேடியேட்டர்; ஃபேன் சுழலும்போதெல்லாம் இரண்டின் வெப்பத்தையும் வாங்கிய காற்று நேராக எஞ்சின் பக்கம் வீசுகிறது. சற்றுத் தள்ளி, எஞ்சினின் புகையை வெளியே கொண்டுபோகும், சில நூறு டிகிரியில் கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. இந்த இரண்டுக்கும் இடையில்தான் என் கோன் ஃபில்டர் தொங்கிக்கொண்டிருந்தது. கார் நிறுவனங்கள் தரும் பெட்டியோ மூடியது; அதன் மூக்கு பெரும்பாலும் ரேடியேட்டருக்கு முன்னாலோ மட்கார்டின் உட்புறத்திலோ நீண்டு, சூடாகாத காற்றை எடுக்கிறது. பார்க்க அழகில்லாத அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டிதான் உண்மையான கோல்டு ஏர் இன்டேக் (குளிர்ந்த காற்றை எடுக்கும் அமைப்பு) என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். அந்தப் பெட்டி இன்னும் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், அதையே திரும்ப மாட்டிக்கொள்வது செலவில்லாத, சரியான தீர்வு. என்னிடம் அது இல்லை. அதனால் கோன் ஃபில்டருக்கு ஒரு பெட்டி கட்ட வேண்டியிருந்தது.

கடைகளில் ‘ஹீட் ஷீல்டு’ என்று ஒரு வளைத்த தகடு கிடைக்கிறது. மேனிஃபோல்டிலிருந்து கதிர்வீச்சாக வரும் வெப்பத்தை அது நன்றாகவே தடுக்கும். மெருகேற்றிய அலுமினியம் தன் மேல் விழும் கதிர்வீச்சில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் ஃபில்டர் உறிஞ்சுவது காற்றை. சூடான காற்று தகட்டைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்துவிடும். ஆகவே நான்கு பக்கமும் அடியும் மூடி, மேற்பக்கத்தை பானட்டே மூடும்படி ஒரு பெட்டி வேண்டும். முதலில் அட்டையை வெட்டி அளவு பார்த்தேன். பேட்டரி, பிரேக் ஆயில் டப்பா, வயரிங் ஆகியவற்றுக்கு இடம் விட்டு அட்டை சரியாக உட்கார்ந்த பிறகு, புதுப்பேட்டையில் ஒரு பட்டறையில் ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் அதே வடிவத்தை வெட்டி வளைத்து ரிவெட் அடித்துத் தந்தார்கள். மேல் விளிம்பில் கார் கதவுக்குப் போடும் ரப்பர் பீடிங்கை மாட்டினேன். பானட்டை மூடினால் பீடிங் எல்லா இடத்திலும் ஒட்டுகிறதா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. பீடிங் மேல் முகப்பவுடரைத் தடவி, பானட்டை மூடித் திறந்தால், உட்புறத்தில் வெள்ளைக் கோடு விழும். கோடு அறுந்திருக்கும் இடத்தில் இடைவெளி இருக்கிறது என்று பொருள். ஒரு மூலையில் இரண்டு விரல் நீளத்துக்குக் கோடு விழவில்லை. அங்கே தடிமனான பீடிங்கை வைத்த பிறகே முழுக் கோடும் விழுந்தது. குழாய் பெட்டிக்குள் நுழையும் துளைக்கும் ரப்பர் வளையம் போட வேண்டும். இல்லையென்றால் சூடான காற்று அந்த வழியாக நுழைவதோடு, தகட்டின் விளிம்பு குழாயையும் அறுக்கும். அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை போதும்.

பெட்டி கட்டுவது பாதி வேலைதான். வெளிக்காற்று வருவதற்கு வழி இல்லாத பெட்டி எஞ்சினின் மூச்சை அடைக்கும். அந்த வழியின் வாய், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்குப் போகும் குழாயைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது. 63 மில்லிமீட்டர் குழாயின் குறுக்குவெட்டு 31 சதுர சென்டிமீட்டர். நான் போட்ட 75 மில்லிமீட்டர் டக்ட் 44 சதுர சென்டிமீட்டர். டக்டின் முனையில், புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகக் குவியலில் கிடைத்த வேறொரு காரின் தட்டையான பிளாஸ்டிக் மூக்கைப் பொருத்தி, ரேடியேட்டருக்கு மேலே உள்ள குறுக்குச் சட்டத்தின் மீது, கிரில்லைப் பார்த்தபடி உட்கார வைத்தேன். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. வண்டி நிற்கும்போது, ஃபேன் பின்னால் தள்ளிய சூடான காற்று ரேடியேட்டரின் பக்கவாட்டு இடுக்குகள் வழியாக மீண்டும் முன்னால் வந்துவிடும். அந்த இடுக்குகளை ரப்பர் நுரைப் பட்டையால் அடைத்தபோது இன்டேக் வெப்பநிலை இறங்கியது மட்டுமல்லாமல், சிக்னலில் ஏசியும் முன்பைவிட நன்றாகக் குளிர்ந்தது.

முன்னால் வாய் வைத்தால் வேகத்தில் காற்று தானாகத் திணிக்கப்பட்டு சக்தி கூடும் என்று விளம்பரங்கள் சொல்லும். 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் திணிப்பின் அழுத்தம் ஏறத்தாழ 440 பாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை. முன்னால் வாய் வைப்பதன் பயன், அங்கே இருக்கும் காற்று சூடாகாத காற்று என்பதுதான்.

அப்படியானால் இன்னும் கீழே, பம்பருக்குள், தரையருகே ஃபில்டரைக் கொண்டுபோனால் இன்னும் குளிர்ந்த காற்று கிடைக்காதா என்று கேட்கலாம். பல வெளிநாட்டுக் கிட்கள் அப்படித்தான் வருகின்றன. சென்னையில் அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. சாதாரண ஐப்பசி மழைக்கே சுரங்கப்பாதைகளில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. ஃபில்டர் தண்ணீரை உறிஞ்சி அது சிலிண்டருக்குள் போய்விட்டால், மேலே வரும் பிஸ்டன் அதில் மோதி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சினைப் பிரித்தாக வேண்டும். ‘எஞ்சின் புரொடெக்ட்’ என்று தனியாகச் சேர்த்துக்கொள்ளாத காப்பீட்டில் அந்தச் செலவுக்குப் பணம் கிடைப்பதும் கடினம். ஹெட்லைட் உயரத்துக்குக் கீழே காற்று வாய் இருக்கக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இனி குழாய். அலுமினியம் பிளாஸ்டிக்கைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், குழாய்தான் குற்றவாளி என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 1.2 லிட்டர் எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டர் முழுவதும் அழுத்திய நிலையில் நொடிக்கு 30 லிட்டர் அளவில் காற்றை இழுக்கும். 63 மில்லிமீட்டர் குழாயில் அந்தக் காற்றின் வேகம் நொடிக்குப் பத்து மீட்டரை நெருங்கும். அறுபது சென்டிமீட்டர் நீளத்தை அது 0.06 நொடியில் கடந்துவிடும். அவ்வளவு குறைந்த நேரத்தில் குழாயின் சுவர் காற்றைப் பெரிதாகச் சூடாக்க முடியாது. ஐட்லிங்கில் காற்று அதில் பத்து மடங்கு நேரம் தங்கும்; அப்போது சூடு ஏறும், வண்டி நகர்ந்ததும் இறங்கிவிடும். நெரிசலிலேயே ஓடும் வண்டி என்பதால், ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாயைச் சுற்றிப் போடும் அந்தக் கறுப்பு நுரையை மேனிஃபோல்டிலிருந்து தள்ளியிருக்கும் பகுதிக்கு மட்டும் சுற்றியிருக்கிறேன். மேனிஃபோல்டு பக்கம் திரும்பிய பகுதிக்கு வெப்பத்தைத் திருப்பும் டேப். மெக்லாரன் எஃப்1 காரின் எஞ்சின் அறைக்குள் தங்கத் தகடு ஒட்டியதும் இதே காரணத்துக்காகத்தான். நமக்கு அலுமினிய டேப் போதும்.

மேனிஃபோல்டையே துணிப் பட்டையால் சுற்றுவது வெப்பத்தை நன்றாக அடக்கும். ஆனால் அந்தப் பட்டை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடற்கரை ஊரில் சாதாரண இரும்பு மேனிஃபோல்டு அதற்குள் துருப்பிடிக்கும். எண்ணெய் கசிந்து பட்டையில் ஊறினால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. செலவு செய்ய மனம் இருந்தால் செராமிக் பூச்சு மேல். கம்பெனி தரும் தகரக் கவசத்தைக் கழற்றாமல் இருப்பதே முதலில் செய்ய வேண்டியது. என் வண்டியில் அது இரண்டு போல்ட் குறைந்து ஆடிக்கொண்டிருந்தது.

இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு ‘பெர்ஃபார்மன்ஸ் சிப்’ என்று விற்கும் பொருளை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். இன்டேக் வெப்பநிலை சென்சார் சூடேறினால் மின்தடை குறையும் வகையைச் சேர்ந்தது. அந்தச் ‘சிப்’பில் பெரும்பாலும் இருப்பது ஒரு சாதாரண ரெசிஸ்டர், காற்று குளிர்ந்திருக்கிறது என்று ஈசியூவிடம் பொய் சொல்ல வைக்கும், அவ்வளவுதான். நாக்கிங் வராமல் காக்கவே ஈசியூ ஸ்பார்க்கைப் பின்னுக்குத் தள்ளுகிறது; கத்திரி வெயிலில் அந்தப் பாதுகாப்பைக் கழற்றி எறிவது எஞ்சினுக்குச் செய்யும் துரோகம். சென்சாரை அலுமினியக் குழாயில் நேரடியாகத் திருகியிருந்தால், அது காற்றோடு சேர்த்துக் குழாயின் சூட்டையும் கொஞ்சம் காட்டும். அதை ரப்பர் கிராமட்டில் பொருத்துவது ஏமாற்று அல்ல, அளவைச் சரியாக்குவது.

இத்தனையும் முடிந்த பிறகு, அதே குரோம்பேட்டை சிக்னலில் இடைவெளி பதினைந்து டிகிரியை ஒட்டி நிற்கிறது. வண்டி நகர்ந்து சிறிது நேரத்தில் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நிறுத்திவிட்டு டீ குடித்து வந்து கிளப்பினால் மட்டும், உள்ளே தேங்கிய சூட்டால் எண் எகிறும். ஒரு கிலோமீட்டர் ஓடினால் சரியாகிவிடும். மேம்பாலத்தில் அந்தத் திணறல் இல்லை. உறுமல் குறைந்திருக்கிறது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆயில் மாற்றும்போதெல்லாம் பெட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா, பீடிங் வெடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். எண்ணெய் தடவும் வகை ஃபில்டர் என்றால் தாராளமாகத் தடவாதீர்கள். உள்ளே போகும் காற்றின் அளவைக் கணக்கிடும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிகளில் அந்த எண்ணெய் சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும்.