இன்ஸ்டோலரில் டிஸ்க் தெரியவில்லையா? ஃபோர்மட் அடிக்கக் கொடுக்காதீர்கள்

விண்டோஸ் 11 இருக்கிற லப்டொப்பில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தையும் ஏற்றும் வேலை ஒருவழியாக முடிந்தது. ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு பென் டிரைவ் தயாரித்ததிலும் அதிலிருந்து பூட் பண்ணியதிலும் சிக்கலில்லை. எந்த டிஸ்கில் ஏற்றுவது என்று இன்ஸ்டோலர் கேட்கும் பக்கத்தில்தான் எல்லாம் நின்றது. பென் டிரைவ் மட்டும் தெரிகிறது. உள்ளே இருக்கும் 512 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்கைக் காணவில்லை.

கொக்கட்டிச்சோலையிலிருந்து மண்முனைப் பாலம் கடந்து மட்டக்களப்பு டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனால், "டிஸ்க் பழுது தம்பி. இல்லாட்டி முழுக்க ஃபோர்மட் அடிக்கத்தான் வேணும்" என்றார்கள். இரண்டுமே பிழை. அதே டிஸ்கிலிருந்து விண்டோஸ் ஒழுங்காக ஓடுகிறதே! இப்படிச் சொல்லியே எத்தனை பேருடைய படங்களையும் பாடக் கோப்புகளையும் அழித்திருப்பார்களோ என்று நினைக்க வயிறு எரிகிறது.

காரணம் பயோஸில், அதாவது விண்டோஸ் எழும்புமுன் ஓடும் அடிப்படை அமைப்பில் இருக்கிறது. அங்கே டிஸ்குடன் பேசும் ஸ்டோரேஜ் முறை இன்டெல் ஆர்எஸ்டி (RST) அல்லது ரெய்ட் (RAID) என்று வைக்கப்பட்டிருந்தால் லினக்ஸ் இன்ஸ்டோலருக்கு எஸ்எஸ்டி தெரியாமல் போகலாம். அதை ஏஎச்சிஐ (AHCI) என்ற முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் நேரே மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். அப்படி ஆனாலும் பதற வேண்டாம், பழைய முறைக்குத் திருப்பினால் மறுபடி வரும்.

மாற்றுவதற்கு முன் விண்டோஸ் செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் குறியாக்கம்) ஓனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஹோம் பதிப்பிலும் அது தானாகவே ஓன் ஆகியிருக்கலாம். 48 இலக்க மீட்புச் சாவியை மைக்ரோசொஃப்ட் கணக்கிலிருந்து தாளில் எழுதி வையுங்கள், பிறகு ஓஃப் பண்ணி, குறியாக்கம் முழுதாக நீங்கும்வரை பொறுங்கள். கரண்ட் போகும் நேரம் பார்த்து இதைத் தொடங்காதீர்கள். பற்றரி நிறைய இருக்கட்டும்.

அடுத்து விண்டோஸில் எம்எஸ்கொன்ஃபிக் (msconfig) என்ற கருவியைத் திறந்து, பூட் பக்கத்தில் சேஃப் பூட், மினிமல் என்று தெரிவுசெய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் எழும்புமுன் பயோஸுக்குள் போய் ஏஎச்சிஐ ஆக்கிச் சேமியுங்கள். சில ஏசர் மாதிரிகளில் மெயின் பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால்தான் அந்தத் தெரிவே வெளிவரும். சேஃப் மோடில் உள்நுழையும் பின் (PIN) இலக்கம் எடுபடாமல் போகலாம், கணக்கின் கடவுச்சொல் கையில் இருக்க வேண்டும். உள்ளே போனதும் எம்எஸ்கொன்ஃபிக்கில் சேஃப் பூட்டுக்குப் போட்ட சரி அடையாளத்தை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். அவ்வளவுதான், ஒரு கோப்பும் போகாது. அடுத்த முறை இன்ஸ்டோலரில் எஸ்எஸ்டி வந்து நின்றது.

சி டிரைவைச் சுருக்கி மின்டுக்கு இடம் ஒதுக்குவதை விண்டோஸின் டிஸ்க் மனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். பாதி டிஸ்க் வெறுமையாக இருந்தும் ஷ்ரிங்க் என்ற சுருக்கும் தெரிவு கொஞ்ச இடமே தருமென்றால், ஹைபர்னேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் புரொடெக்ஷன் மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி மறுபடி முயலுங்கள். நகர்த்த முடியாத கோப்புகள்தான் நடுவில் மறித்துக்கொண்டிருக்கும். விண்டோஸை முழுதாக அணைய விடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிரந்தரமாகவே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் சி டிரைவை லினக்ஸ் வாசிக்க விடும், எழுத விடாது.

மின்டில் வைஃபை வராவிட்டால் கேபிள் தேடி அலையத் தேவையில்லை. ஃபோனை யூஎஸ்பி வயரால் இணைத்து டெதரிங் (ஃபோனின் இணையத்தைப் பகிர்வது) போட்டு மின்டின் டிரைவர் மனேஜரைத் திறந்தால் போதும்.

கடைசியாக, விண்டோஸுக்குத் திரும்பினால் மணிக்கூடு ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கலாம். லினக்ஸ் உள் கடிகாரத்தில் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை நம் நேரமென்று எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளைக்கு செட்-லோக்கல்-ஆர்டிசி 1 (timedatectl set-local-rtc 1) என்று கொடுத்து, விண்டோஸில் நேரத்தை ஒருதரம் சிங்க் பண்ணிவிடுங்கள்.