விழுவதற்கென்று ஒரு மேடை

கிளிநொச்சிக்குப் பக்கத்தில், பரந்தனில் என் வெல்டிங் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: ஆடக் கூடாது. தண்ணீர்த் தாங்கி வைக்கும் இரும்புக் கால், ஜன்னல் கிறில், லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டி, மாட்டுக் கொட்டில் கூரை, எதுவானாலும் எடுக்க வருகிறவர் முதலில் கையால் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். அசையவில்லை என்றால் காசைத் தருவார். இடம்பெயர்ந்து அலைந்த காலத்தைக் கழித்துவிட்டாலும் 20 வருடத்துக்கு மேல் அந்த ஒரு சோதனையில் தேறுவதற்காகவே வேலை செய்திருக்கிறேன். அதனால், மல்யுத்த மேடை ஒன்று செய்து தாருங்கள் என்று அந்தத் தம்பி வந்து நின்றபோது, இதில் என்ன பெரிய வேலை, இன்னொரு மேடைதானே என்று நினைத்துவிட்டேன்.

தம்பி கனடாவில் பிறந்தவன். அம்மம்மாவைப் பார்க்க இரண்டு மாத விடுமுறையில் வந்திருந்தான். அங்கே மல்யுத்தப் பள்ளி ஒன்றில் மூன்று வருடம் பழகியவனாம். தொலைக்காட்சியில் காட்டும் டபிள்யூ டபிள்யூ ஈ மாதிரியான, காட்சிக்காக ஆடும் மல்யுத்தம். ஊர் விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழா இரவில், தன் நண்பன் ஒருவனையும் கூட்டி வந்து, ஒரு ஆட்டம் காட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஆட்டம் புதிதில்லை. மின்சாரம் இல்லாத காலத்திலேயே ஜெனரேற்றர் போட்டு, வீடியோ டெக்கில் படம் ஓடுகிற வீட்டு முற்றத்தில் இரவிரவாக அதைப் பார்த்தவர்கள் இவர்களுடைய தகப்பன்மார்.

“அங்கிள், உண்மையான ரிங் பக்கத்துக்கு 20 அடி. சின்னக் குழுக்கள் 18, 16 அடியிலும் போடுவார்கள்” என்றான். 16 என்று முடிவு செய்தோம். காரணம் எளிது. கடையில் விற்கிற பிளைவுட் பலகை 8 அடிக்கு 4 அடி. எட்டுப் பலகை போட்டால் ஒரு துண்டு வெட்டாமல் 16 அடிச் சதுரம் நிரம்பிவிடும். சட்டத்தை நிலத்தில் பரப்பி, மூலைக்கு மூலை நாடா பிடித்துப் பார்த்தேன். 22 அடி 7½ அங்குலம் இரண்டு பக்கமும் ஒத்து வந்தால்தான் சதுரம். முதல் தடவை முக்கால் அங்குலம் பிசகியது. சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்கினோம்.

பட்டறையில் வேலை பழகுகிற பெடியன் ஒரு கேள்வி கேட்டான்: ரிங் என்றால் வளையம்தானே, இது ஏன் சதுரமாக இருக்கிறது? தம்பிக்கு இதில் ஒரு பைத்தியமே உண்டு. முற்காலத்தில் குத்துச்சண்டை நடக்கும்போது பார்க்க வந்த கூட்டம் சுற்றிவர நின்றதுதான் வளையம் என்றான். 1838இல் லண்டனில் விதி எழுதியபோது 24 அடிச் சதுரமும் இரண்டு கயிறும் என்று வைத்தார்கள். வடிவம் மாறிவிட்டது, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. எங்களிடம் ‘கோதா’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்குள் வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை, மண்தான் இருக்கிறது. எனக்கு அந்தச் சொல்லில்தான் பிடிப்பு.

ஆறு பக்க மேடைகளும் இருக்கின்றனவாம். மெக்சிக்கோவில் ஏஏஏ என்ற குழுவும், அமெரிக்காவில் 2004 முதல் 2010 வரை டிஎன்ஏ என்ற குழுவும் அதில் ஆடியிருக்கின்றன. பெடியனுக்கு உடனே அதைச் செய்ய வேண்டும் போல இருந்தது. நான் மறித்தேன். ஆறு மூலை என்றால் ஒவ்வொரு பக்கக் கயிறும் கட்டையாகிவிடும். நீளக் கயிறு முதுகு பட்டதும் வளைந்து கொடுக்கும், கட்டைக் கயிறு அவ்வளவு கொடுக்காது. வேலி அடித்தவனுக்கு இது தெரியும். தூண்கள் நெருக்கமாக நின்றால் கம்பி விறைப்பாக இருக்கும்.

கயிறு விஷயம் இவ்வளவு தெரிந்த எனக்கு, தரை விஷயம் தெரியாமல் போனதுதான் இன்றைக்கும் மனதில் நிற்கிறது.

தம்பி வரைந்து தந்த படத்தில் நடுவில் கால் இல்லை. நான்கு மூலையிலும் தூண், சுற்றிவரச் சட்டம், சட்டத்திலிருந்து சட்டத்துக்குக் குறுக்கே உத்தரம் போல இரும்பு வளைகள், அவற்றின் மேல் ஆணி அடிக்காத பலகை, அதற்கு மேல் ஒரு அங்குலத் தடிப்பில் ஃபோம், அதற்கு மேல் படங்குத் துணி. அவ்வளவுதான். 16 அடி நீள வளை நடுவில் தாங்கல் இல்லாமல் கிடப்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சு கேட்கவில்லை. இரண்டு ஆம்பிளைகள் குதித்தால் என்னாகும்? அவனிடம் சொல்லாமல், நடுவளைக்குக் கீழே இரண்டு கால்களை வைத்து ஒட்டிவிட்டேன். கூடுதலாக உழைத்துக் கொடுத்ததாகவே நினைத்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் அவன் வந்து மேடையில் ஏறினான். நாடியை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, கைகளை விரித்து, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழுந்தான். அப்படித்தான் விழப் பழக்குவார்களாம், அடி ஓரிடத்தில் குவியாமல் உடம்பெல்லாம் பரவ வேண்டும் என்பதற்காக. விழுந்தவன் எழும்பவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. பெடியன் ஓடிப்போய்த் தலையைப் பிடித்தான். நான் அசையாமல் நின்றேன். ஒரு நிமிடம் இருக்கும், பிறகுதான் மூச்சு வந்தது.

“கீழே என்ன வைத்திருக்கிறீர்கள், அங்கிள்?” என்று கேட்டான். கோபம் இல்லாமல் கேட்டான். அதுதான் கூட வலித்தது.

விழுகிற வேகத்தை ஏதாவது ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். பலகை வளைந்து, வளை இறங்கி, மெல்ல மெல்ல வாங்கினால் முதுகுக்கு மிச்சம் குறைவு. தரை வாங்காவிட்டால் முழுவதையும் முதுகுதான் வாங்கும். மேலே இருக்கிற ஒரு அங்குல ஃபோமால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. வேலையெல்லாம் கீழே இருக்கிற வெறுமையில்தான் நடக்கிறது. சில மேடைகளில் நடுவில் ஒரு ஸ்பிரிங்கே வைப்பார்களாம். நான் அந்த இடத்தில் தூணை வைத்திருந்தேன். அன்று இரவு சாப்பிடாமல் கிறைண்டரை எடுத்து இரண்டு கால்களையும் வெட்டி எறிந்தேன். காலையில் நானே ஏறி நடுவில் நின்று குதித்துப் பார்த்தேன். தரை அரை அங்குலம் போல இறங்கி மேலே வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் செய்த இரும்பு ஆடுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் மூலைத்தூண் ஆடக் கூடாது. இதுதான் இந்த மேடையின் நுட்பம். எது கொடுக்க வேண்டும், எது கொடுக்கக் கூடாது என்று பிரித்துச் செய்ய வேண்டும். மூன்று கயிறு, நான்கு மூலை, ஆக 12 டேர்ண்பக்கிள், அதாவது கயிற்றைத் தூணோடு இழுத்துப் பிடிக்கிற திருகு. அதைத் திருகத் திருகக் கயிறு விறைக்கும், தூணின் தலை உள்ளே சாயப் பார்க்கும். மேடைச் சட்டம் இடையில் பிடித்திருப்பதால் தலை உள்ளே போனால் அடி வெளியே உதைக்கும். அதனால் தூண்களின் அடியை மூலைக்கு மூலை இரும்பு வடம் போட்டு இழுத்துக் கட்டினோம். பார்க்கிறவர் கண்ணுக்கு அது படாது, சுற்றிவர மறைக்கிற துணிக்குப் பின்னால் இருக்கும்.

டபிள்யூ டபிள்யூ ஈயில் உண்மையான கயிற்றுக்கே நாடா சுற்றுவார்களாம். வேறு பலர் இரும்பு வடத்தை றபர்க் குழாய்க்குள் விடுவார்கள். எங்களுக்கு இரண்டாவது வழிதான் கைக்கு எட்டியது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற ஹோஸ் பைப்புக்கு வன்னியில் பஞ்சமா? டேர்ண்பக்கிளை மூடுகிற மெத்தைகளை ஓட்டோவுக்குச் சீற் தைக்கிறவர் தைத்துத் தந்தார். தம்பி ஓடிவந்து, திரும்பி, ஒரு கையால் மேல்கயிற்றைப் பிடித்தபடி முதுகைக் கொடுத்தான். கயிறு அவனை வாங்கித் திருப்பி அனுப்பியது. அப்புறம் பத்துத் தடவை ஓடியிருப்பான்.

படங்கு கட்டியது என் மனைவியும் அவளுடைய தமக்கையும். சுருக்கம் விழுந்தால் காலில் தடக்கிக் கணுக்கால் போய்விடும் என்று தம்பி சொன்னதும், இருவரும் எங்களை விலகச் சொன்னார்கள். 2009இல் செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே மழைக்காலம் கழித்தவர்களுக்கு, ஒரு துணியை எந்தப் பக்கம் முதலில் இழுத்தால் நடுவில் தொய்யாது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எதிரெதிர்ப் பக்கமாக இழுத்து, கீழே சட்டத்தோடு வரிந்து கட்டினார்கள். தட்டினால் மேளம் போலக் கேட்டது.

உண்மையிலேயே அது மேளம்தான். ஆட்ட இரவில் முதல் ஆள் விழுந்தபோது எழுந்த சத்தத்தில் முன்வரிசைக் கிழவிகள் “ஐயோ பிள்ளை!” என்று எழும்பிவிட்டார்கள். உடம்பைக் காப்பாற்றுகிற அதே வெறுமைதான் அந்தச் சத்தத்தையும் பெருக்கியது. நான் ஆட்டத்தைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. குனிந்து, துணியை விலக்கி, நடுவளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு விழுதலுக்கும் இறங்கியது, திரும்பி வந்தது. இரண்டு பேரும் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

மேடையைக் கழற்றி இப்போது பட்டறைப் பின்புறத்தில் அடுக்கி வைத்திருக்கிறேன். பலகைகளில் சோக்கால் எழுதிய இலக்கங்கள் அழியவில்லை. படங்கு மட்டும் போன அறுவடைக்கு நெல் காயப்போடப் போய்விட்டது.

போன மாதம் ஒரு பாடசாலையிலிருந்து பயிற்றுநர் ஒருவர் வந்தார். குத்துச்சண்டை மேடை வேண்டுமாம். அது வேறு கணக்கு: கயிற்றுக்குள் 6.10 மீற்றர்ச் சதுரம், நான்கு கயிறு, தரையிலிருந்து 40, 70, 100, 130 சென்ரிமீற்றர் உயரங்களில். கால் ஊன்றி ஆடுகிற பிள்ளைகளுக்குத் தரை இவ்வளவு இறங்கவும் கூடாது. அவர் வழக்கம் போல பக்கத்தில் நின்ற ஒரு தாங்கிக் காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டே அளவுகளைச் சொன்னார். எழுதி வைத்துக்கொண்டேன். பிறகு, பிள்ளைகள் பழகுவதை ஒரு பின்னேரம் வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.