லெட்டரைப் பைக்குள் வைத்திருந்த ஐந்து மாதம்

பாரிஸில் ஒரு ரெஸ்டோரன்ட் குசினியில், அதாவது சமையலறையில், எட்டு வருடம் வேலை செய்தேன். கையில் இருந்தது 'சே-டே-ஈ', அதாவது முடிவுத் தேதி இல்லாத நிரந்தர ஒப்பந்தம். முதுகுவலி தொடங்கியிருந்தது. மகள் தூங்கிய பிறகுதான் தினமும் வீட்டுக்கு வருவேன். எலக்ட்ரீஷியன் வேலை படிப்பது என்று முடிவெடுத்து, ராஜினாமாக் கடிதத்தையும் எழுதி வேலைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அடுத்த நாளே அதைக் கொடுத்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

பிரான்சில் நாமாக வேலையை விட்டால் பொதுவாக 'சோமாஜ்', அதாவது வேலையில்லாக் காலத்துக்கான உதவிப் பணம், கிடைக்காது. படிக்கும் காலத்தில் வாடகையை எப்படிக் கட்டுவது? பத்ரோனிடம் (முதலாளியிடம்) 'ரப்ச்சூர் கொன்வென்சியோனெல்' கேட்டேன். இரண்டு தரப்பும் சம்மதித்து ஒப்பந்தத்தை முடிக்கிற முறை அது, சோமாஜும் உண்டு. ஆனால் முதலாளி சம்மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் மறுத்துவிட்டார்.

"வேலைக்குப் போகாமல் நில்லுங்கோ அண்ணை, அவங்களே நிப்பாட்டுவாங்கள்" என்றான் கூட வேலை செய்த தம்பி. முன்பு பலர் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் 2023 ஏப்ரலில் இருந்து அது சரிவராது. முதலாளி கடிதம் அனுப்பி, குறைந்தது 15 நாள் தவணை கொடுத்தும் காரணமில்லாமல் வேலைக்குத் திரும்பாவிட்டால், நாமே ராஜினாமா செய்ததாகத்தான் எடுப்பார்கள். தயவுசெய்து யாரும் இந்த யோசனையைக் கேட்காதீர்கள்.

பாரிஸில் தமிழ்க் கடைகள் உள்ள லா சப்பலில் தெரிந்த ஒரு அக்காதான் 'டெமிசியோன் ரெகொன்வெர்சியோன்' பற்றிச் சொன்னார். 2019 நவம்பரில் வந்த வழி இது. கடைசி 5 வருடம் தொடர்ந்து சம்பள வேலை செய்திருந்து, வேறு தொழில் படிக்க உண்மையான திட்டமும் இருந்தால், ராஜினாமா செய்தாலும் சோமாஜ் உண்டு. ஆனால் லெட்டர் கொடுக்க முன்பே 'சே-எ-பே' என்ற தொழில் ஆலோசனைச் சேவையின் ஆலோசகரைப் பார்த்திருக்க வேண்டும். சேவை இலவசம். முதல் சந்திப்பில் ஆலோசகர் கேட்ட முதல் கேள்வி, "லெட்டர் கொடுத்துவிட்டீர்களா?" பையில் இருந்து எடுத்துக் காட்டினேன். "அங்கேயே இருக்கட்டும்" என்றார்.

அப்புறம் தொடங்கியது பைல் வேலை. 'திரான்சிசியோன் ப்ரோ' என்ற அமைப்பின் குழு, திட்டம் உண்மையானதா, தீவிரமானதா என்று பார்க்கும். எந்த நிலையத்தில் படிப்பு, எத்தனை மாதம், எவ்வளவு கட்டணம், யார் கட்டுவது, முடித்தால் வேலை உண்டா, எல்லாம் எழுத வேண்டும். என் பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு. மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் எலக்ட்ரீஷியன் கடைகளுக்குப் போய், ஆள் எடுப்பார்களா என்று கேட்டுக் குறித்தேன். இரண்டு பேர் உட்கார வைத்துக் கதைத்தார்கள். அந்தக் குறிப்புகள்தான் பைலைக் காப்பாற்றின என்று நம்புகிறேன். ஏழு வாரம் கழித்துச் சம்மதக் கடிதம் வந்தது. அதிலிருந்து 6 மாதத்துக்குள் 'பிரான்ஸ் திராவாய்' என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும்.

அதன் பிறகே தேதியை மாற்றி லெட்டரைக் கொடுத்தேன். இரண்டு பிரதி; ஒன்றில் பத்ரோன் தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார். காரணம் எழுதத் தேவையில்லை. எங்கள் துறை ஒப்பந்தப்படி, இரண்டு வருடத்துக்கு மேல் வேலை செய்த சாதாரணத் தொழிலாளிக்கு 'ப்ரெஅவி', அதாவது லெட்டர் கொடுத்த பிறகும் வேலை செய்ய வேண்டிய காலம், ஒரு மாதம். அந்த மாதம் முழுதும் ஒழுங்காக வேலை செய்தேன்.

கடைசி நாள் மூன்று பேப்பர் வாங்க வேண்டும்: வேலை செய்த சான்றிதழ், பிரான்ஸ் திராவாய்க்கான படிவம், கணக்கு முடித்த ரசீது. கடைசியை வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். என்னுடையதில் 11 மணி நேர ஓவர்டைம் இல்லை. சொன்னேன், திருத்தித் தந்தார்கள். கையெழுத்து வைத்தாலும் 6 மாதத்துக்குள் மறுக்கலாம், ஆனால் முதலிலேயே பார்ப்பது எவ்வளவோ சுலபம்.

எடுக்காத லீவுக்குக் கிடைத்த பணம் சோமாஜைப் பின்தள்ளும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதற்கான நாட்களும், அதன்மேல் 7 நாள் காத்திருப்பும் போன பிறகுதான் கணக்கு ஓடத் தொடங்கும். ஒரு மாத வாடகைக்கு அண்ணரிடம் கடன் வாங்கினேன். அந்த லீவுப் பணத்தைச் செலவழிக்காமல் வையுங்கள்.

இன்னொன்று. சே-எ-பே சந்திப்புக்குப் போக முன், 5 வருடச் சம்பளத்துண்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். இரண்டு மாதத் துண்டு காணாமல் என் பைல் இரண்டு கிழமை நின்றது.