லோகிதாசனுக்கு ஏழு வயது

நேற்று ராத்திரி எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திடலில் அரிச்சந்திரன் கூத்து. அரிச்சந்திரன் மனைவி சந்திரமதி வேடம் எனக்கு, அவள் பிள்ளை லோகிதாசனாக என் மகன். மூன்று மாதமாக வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். பாம்பு கடித்து விழுந்த பிறகு வயிறு ஏறி இறங்கக் கூடாது, மூச்சை மெல்ல விட வேண்டும் என்பதைத்தான் அவன் அதிகம் பழகினான்.

அரிதாரம் பூசி, புடவை கட்டி நான் திரும்பியதும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். "அப்பா, நீ அத்தை மாதிரியே இருக்க" என்றான். என் தங்கை மேல் அவனுக்கு உயிர்.

மயான காண்டம் வரும்போது மணி மூன்று. கையில் தூக்கினால் தலை துவண்டு விழுகிறது. நிஜமாகவே தூங்கிவிட்டான். சுடலைக் கூலியாகக் கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்டு அரிச்சந்திரன் மறிக்கிறார். எனக்குப் பாட்டு வரவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. முகவீணை என்ற சின்னக் குழல் ஊதுகிறவர்தான் அந்த அடியை வாசித்து நிரப்பினார். முன்வரிசையில் ஒரு பாட்டி சுருக்குப்பையை அவிழ்த்துக் காசை நீட்டினார்.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய பால சபை போன்ற பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களில், வீட்டைப் பிரிந்த சிறுவர்கள் இப்படித்தான் விடிய விடிய நடித்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகளை யார் மடியில் போட்டுத் தட்டிக் கொடுத்தார்களோ? அந்த நேரத்தில் அதுதான் நினைவுக்கு வந்தது.

அப்புறம் சிவன் வேடக்காரர் வந்து "லோகிதாசா, எழுந்திரு" என்றார். எழவில்லை. நான் காதில் அவன் வீட்டுப்பெயரைச் சொன்னேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, என் கன்னத்தைத் தொட்டான். உள்ளங்கை முழுக்க அரிதாரம்.