வடலூருக்குப் போன பிடி அரிசி

உலை வைப்பதற்கு முன் அம்மா தினமும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். வடலூரில் வள்ளலார் தொடங்கிய, பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமசாலைக்கென்று. பானை நிறைந்ததும் போகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். "ஒரு தைப்பூசத்துக்காவது நானே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்" என்பாள். போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். பானையில் முக்கால் அளவு அரிசி இருந்தது. புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்து, மேலே வேப்பிலைச் சருகு.

இந்தத் தைப்பூசத்துக்கு அதைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு ஆத்தூரிலிருந்து கிளம்பினேன். எனக்கென்று வேண்டுதல் எதுவும் இல்லை. இரவில் தூக்கம் வந்தால் போதும் என்றிருந்தேன். அம்மா படுக்கையில் கிடந்த கடைசி வாரத்தில் ஓர் இரவு, நான் ஊட்டிய கஞ்சி புரையேறி என் சட்டை முழுவதும் தெறித்தது. மூன்று இரவு கண்விழித்த அலுப்பில், "ஒழுங்காக விழுங்கக்கூட முடியாதா?" என்று கத்திவிட்டேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். விடியும்வரை கெஞ்சியும் திறக்கவில்லை. மூன்று மாதமாக அந்த மூடிய வாய்தான் என் கண்முன் நின்றது. சோற்றில் கை வைத்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

விருத்தாசலத்தில் பஸ் மாறி வடலூர் சேரும்போது இரவு இரண்டு மணி. ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டார்கள். ஆட்டோக்காரர் கேட்ட கூலியைச் சொல்லவே மனம் கூசுகிறது. ஜோதி தரிசனம் நடக்கும் சத்திய ஞான சபை அருகே ஒருவர் நெருங்கி வந்து, பணம் கொடுத்தால் முன்வரிசையில் நிறுத்துவதாகச் சொன்னார். பசித்தவருக்குச் சோறு போடுவதையே வழிபாடு என்று சொன்ன வள்ளல் பெருமானின் வாசலில், ஜோதியைக் காட்டக் காசா? வயிறு எரிந்தது. பனியில் தலைக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு, அரிசிப் பையை மடியில் வைத்து மைதானத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

காலை ஆறு மணி. கிழக்கே சூரியன் எழும்ப, மேற்கே நிலவு இன்னும் இறங்கவில்லை. ஜோதியை மறைக்கும் ஏழு திரையில் மாதப் பூசத்தில் ஆறுதான் விலகும். ஏழும் விலகுவது தைப்பூசத்தில் மட்டும். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியில் கலப்புத் திரை. எனக்கு முன்னால் தூக்கிய செல்போன்களே ஒரு திரையாக நின்றன. அவற்றின் நடுவே, அப்பாவின் தோளில் இருந்த ஒரு சிறுமி தலையைச் சாய்த்த நொடியில், ஜோதி தெரிந்தது. அசையாத சிறு சுடர். இமைப்பதற்குள் மறைந்தது. "அருட்பெருஞ்ஜோதி" என்று மைதானமே முழங்க, என் வாயில் வந்தது "அம்மா" மட்டும்தான்.

அங்கிருந்து தருமசாலை. 1867ஆம் ஆண்டு பெருமான் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது. கைகூப்பி நின்றுவிட்டு, அரிசி வாங்கும் இடத்தில் பையை அவிழ்த்துக் குவியலில் கொட்டினேன். ஊர் ஊராக வந்த அரிசியோடு அம்மாவின் அரிசி சேர்ந்தது. எது அவளுடையது என்று தேடினேன், தெரியவில்லை. வேப்பிலைச் சருகு இரண்டை மட்டும் பொறுக்கி எடுத்தேன்.

பந்தியில் ஆள் போதவில்லை என்று ஒரு தொண்டர் ரச வாளியை என் கையில் கொடுத்துவிட்டார். மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர். எண்பது வயதிருக்கும். கை நடுங்கி, எடுத்த சோறெல்லாம் மடியில் விழுந்துகொண்டிருந்தது. வாளியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டினேன். இரண்டு வாய் இறங்கியது. மூன்றாவது வாய் புரையேறி, என் சட்டை முழுவதும் ரசமும் சோறுமாகத் தெறித்தது.

பெரியவர் நடுங்கிப்போனார். "மன்னித்துவிடு தம்பி, எதுவும் சொன்னபடி கேட்பதில்லை" என்றவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "பரவாயில்லை ஐயா. மெதுவாகச் சாப்பிடுங்கள். அவசரமே இல்லை" என்றேன். அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. முதுகைத் தடவிக்கொடுத்தேன். தண்ணீர் குடித்தார். சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு குழந்தையைப்போல வாயைத் திறந்தார்.

என் கண்ணீரை அவர் கவனித்தாரா, தெரியாது. இலையில் இருந்ததெல்லாம் ஊட்டி முடித்தேன். வாய் துடைத்துவிட்டேன். எழுப்பி, கைகழுவ அழைத்துப் போனேன். என் தோளைப் பிடித்திருந்த அந்தக் கை எலும்பும் தோலுமாக, இளஞ்சூடாக இருந்தது. பெருமானே, ஜோதியை ஓர் இமைப்பொழுதுதான் காட்டினாய். இதற்காகத்தானா என்னை இங்கே இழுத்து வந்தாய்? அம்மா பத்து விரலாலும் சேர்த்தனுப்பியது இதைத்தானா? என்ன சொல்லி நன்றி சொல்வேன், எத்தனை பிறவிக்குச் சொல்வேன்!

திரும்பி வரும்போது வயிறு சுருக்கென்றது. என்னவென்று புரியவே சற்று நேரமாயிற்று. பசி. அடுத்த பந்தியில் உட்கார்ந்து, சோறு இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நெய்வேலி தாண்டியது நினைவில்லை. விருத்தாசலத்தில் கண்டக்டர் தோளைத் தட்டித்தான் எழுப்பினார்.