இப்போது ஓடுவது ரீபூட்டுக்குப் பிறகும் ஓடுமா?

சர்வரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ரீபூட் என்றாலே அடிவயிற்றில் ஒரு கலக்கம். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய மெஷினைக் கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) அப்டேட்டுக்காக ஒருமுறை நிறுத்தி எழுப்பினால் போதும். ஏதோ ஒரு சர்வீஸ் வராது, யாரோ மாற்றிய செட்டிங் பழையபடி நிற்கும், காரணம் தேடப் போனால் பழைய லாக்கும் இருக்காது. அவசரத்தில் தட்டிய கமாண்ட் மெமரியோடு நின்று, டிஸ்க்குக்குப் போகாமல் விட்டது அன்றைக்குத்தான் தெரியவரும். லினக்ஸில் ஓடிக்கொண்டிருப்பது ஒன்று, அடுத்த பூட்டில் படிக்கப்படுவது வேறொன்று. எதை மாற்றினாலும் இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

சர்வீஸிலிருந்தே, அதாவது பின்னணியில் ஓடும் புரோகிராமிலிருந்தே தொடங்கலாம். பெரும்பாலான லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பிப் பார்த்துக்கொள்வது சிஸ்டம்டி; அதற்குக் கட்டளை கொடுக்கும் கமாண்ட் சிஸ்டம்சிடிஎல். சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் என்பது இப்போதைக்கு. எனேபிள் என்பது அடுத்த பூட்டுக்கு. எனேபிள் --நவ் என்று கொடுத்தால் இரண்டும் நடக்கும். ஸ்டேட்டஸ் போட்டதும் பச்சை நிற ஆக்டிவ் வரியைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறோம். அதற்கு மேலே உள்ள லோடட் வரியில்தான் எனேபிள்டா டிஸேபிள்டா என்ற விவரம் இருக்கிறது. டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் பேக்கேஜைப் போட்டாலே பெரும்பாலும் சர்வீஸ் எனேபிள் ஆகி ஓடத் தொடங்கிவிடும். ரெட் ஹேட் வகையில் பொதுவாக நாம்தான் செய்ய வேண்டும். இரண்டும் கலந்து கிடக்கும் இடங்களில் இது அடிக்கடி விட்டுப்போகும்.

எனேபிள் ஆகியிருந்தும் எழாத சர்வீஸ்தான் நிறைய நேரத்தைத் தின்னும். அப்ளிகேஷன் எழும்போது டேட்டாபேஸ் இன்னும் தயாராகவில்லை. இணைப்பு கிடைக்காமல் அப்ளிகேஷன் விழுகிறது. சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் யூனிட் ஃபைலில் ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர் (விழுந்தால் மறுபடி கிளப்பு) என்று எழுதியிருந்தாலும் காப்பாற்றாது. ஏனென்றால் இரண்டு முயற்சிகளுக்கு நடுவே சிஸ்டம்டி விடும் இடைவெளி, நாம் எதுவும் சொல்லாவிட்டால், வெறும் 100 மில்லிசெகண்ட். 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் கிளப்பவும் விடாது. உடனுக்குடன் விழும் அப்ளிகேஷன் ஓரிரு விநாடியிலேயே அந்த ஐந்தையும் தீர்த்துவிடும். 'ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிபீட்டட் டூ குயிக்லி' என்று லாக்கில் எழுதிவிட்டு சிஸ்டம்டி ஒதுங்கிக்கொள்ளும். டேட்டாபேஸ் அரை நிமிடத்தில் வந்தாலும் இது தானாக எழாது. ரீஸ்டார்ட்செக்=5 என்று ஒரு வரி சேர்த்தால் 10 விநாடியில் ஐந்து முயற்சி சேரவே சேராது; இணைப்பு கிடைக்கும் வரை முயன்றுகொண்டே இருக்கும். ஆஃப்டர்= வரியையும் முழுதாக நம்ப வேண்டாம். அது வரிசையை மட்டுமே சொல்லும்; மற்ற சர்வீஸைக் கிளப்பிவிட வான்ட்ஸ்= அல்லது ரிக்வயர்ஸ்= தனியாக வேண்டும்.

யூனிட் ஃபைலைத் திருத்த சிஸ்டம்சிடிஎல் எடிட் நல்லது. சேமித்ததும் தானே ரீலோட் செய்துகொள்ளும். ஃபைலை நேரடியாகத் திறந்து திருத்தினால் சிஸ்டம்டியை மறுபடி படிக்க வைக்கும் டீமன்-ரீலோட் நம் பொறுப்பு. சிஸ்டம்சிடிஎல் கேட் காட்டுவது டிஸ்க்கில் உள்ளதை, சிஸ்டம்சிடிஎல் ஷோ காட்டுவது சிஸ்டம்டி மனதில் உள்ளதை. சந்தேகம் வந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள்.

கர்னல் செட்டிங்கை மாற்றும் சிஸ்சிடிஎல் -டபிள்யூ கமாண்டின் பலன் ரீபூட் வரைக்கும்தான். நிலைக்க வேண்டுமானால் /எட்சி/சிஸ்சிடிஎல்.டி அடியில் ஒரு ஃபைல் வேண்டும். பெயர் .கான்ஃப் என்று முடியாவிட்டால் அதைப் படிக்கவே படிக்காது. ஒரே செட்டிங் இரண்டு ஃபைலில் இருந்தால் பெயர் வரிசையில் பின்னால் வருவதே ஜெயிக்கும்; 99 என்று பெயரைத் தொடங்கும் வழக்கம் அதனால்தான். எழுதியதும் சிஸ்சிடிஎல் --சிஸ்டம் ஓட்டிப் பார்த்துவிட்டால், பூட்டில் எது நிற்கும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

லாக் விஷயத்தில் தாமதமே கூடாது. /வார்/லாக்/ஜர்னல் என்ற டைரக்டரி இல்லாத மெஷினில், ஸ்டோரேஜ்=ஆட்டோ என்ற அமைப்பில் ஜர்னல் (சிஸ்டம்டி சேர்க்கும் லாக்) /ரன் அடியில், அதாவது மெமரியில் சேரும், ரீபூட்டோடு போய்விடும். டைரக்டரியை உருவாக்கி ஜர்னல்சிடிஎல் --ஃப்ளஷ் கொடுத்தால் அன்றிலிருந்து தங்கும். டிஸ்க் நிரம்பிவிடுமோ என்ற பயம் தேவையில்லை: டிஃபால்ட் உச்சவரம்பு அந்த ஃபைல்சிஸ்டத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபி. அதன் பிறகு ஜர்னல்சிடிஎல் --பூட்=-1 --ப்ரையாரிட்டி=எர்ர் என்று கேட்டால் முந்தைய பூட்டின் பிழைகள் மட்டும் வரும். நடுராத்திரியில் மெஷின் தானாக விழுந்து எழுந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ரீபூட் முடிந்ததும் பலரும் சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட் போட்டு, காலியாக வந்தால் கிளம்பிவிடுகிறார்கள். எனேபிள் செய்யாத சர்வீஸ் அந்தப் பட்டியலில் வராது. அதைக் கிளப்ப யாருமே முயலவில்லையே. அதனால் ரீபூட்டுக்கு முன்பே லிஸ்ட்-யூனிட்ஸ் --ஸ்டேட்=ரன்னிங் தரும் பட்டியலை ஒரு ஃபைலில் எழுதி வையுங்கள். எழுந்த பிறகு இன்னொன்று எடுத்து, இரண்டையும் ஒப்பிடும் டிஃப் கமாண்ட் போட்டால், காணாமல் போன சர்வீஸ் பெயரோடு வந்து நிற்கும்.