சர்ஜன்களும் பரீட்சை எழுதுகிறோம்

எம்.எஸ். முடித்தால் படிப்பு முடிந்தது என்று வீட்டில் நினைக்கிறார்கள், மெடிக்கல் கவுன்சில் அப்படி நினைப்பதில்லை. 2002-இல் வந்த மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே, ஐந்து வருடத்துக்குக் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நாங்கள் சுருக்கமாக சிஎம்இ என்போம். பதிவைப் புதுப்பிக்கும் வருடம் நெருங்கினால் எங்கள் வாட்ஸ்அப் குழுக்கள் சூடுபிடித்துவிடும். இந்த ஞாயிறு எங்கே சிஎம்இ, எத்தனை கிரெடிட் (கணக்கில் சேரும் மணி நேரம்), பார்க்கிங் இருக்கிறதா, எல்லாம் கேட்பார்கள். தலைப்பு என்ன என்று கேட்பவர் அபூர்வம்.

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை சிஎம்இ எப்படி நடக்கும் என்று மருத்துவர் அல்லாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கிண்டியிலோ நுங்கம்பாக்கத்திலோ ஒரு ஓட்டல் ஹால், பல்லைக் கிட்டிக்க வைக்கும் ஏசி. வாசலில் ரெஜிஸ்டரில் கையெழுத்து, கழுத்தில் ஒரு பேட்ஜ். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று பாதிக் காலை போய்விடும். பேச வருபவர் பழுத்த அனுபவசாலியாகத்தான் இருப்பார், ஆனால் இருபது நிமிடத்தில் எண்பது ஸ்லைடு ஓட்டினால் யார் மண்டையில் ஏறும்? மதியம் பிரியாணி, அதற்குப் பிறகு ஹாலில் பாதி நாற்காலி காலி. (பிரியாணியைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.) கவனித்துக் கேட்டவருக்கும் பின்வரிசையில் தூங்கியவருக்கும் ஒரே கிரெடிட். 2024 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த நடத்தை நெறிகள், மருந்துக் கம்பெனிகள் வெளிநாட்டில் சிஎம்இ நடத்துவதையும் டாக்டர்களுக்குப் பரிசு கொடுப்பதையும் தடுத்துவிட்டன. அதன் பிறகு பை, டைரி வகையறா குறைந்திருக்கிறது. ஸ்லைடு குறையவில்லை.

இதனால்தான் சில வருடங்களாக நான் அறுவை சிகிச்சை ஜர்னல்கள் ஆன்லைனில் நடத்தும் சிஎம்இ பக்கம் போய்விட்டேன். முறை எளிது. ஜர்னல் ஆஃப் தி அமெரிக்கன் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் மாதிரி ஒரு இதழ், தன் கட்டுரைகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து அவற்றோடு கேள்விகளை இணைத்து வைக்கும். கட்டுரையைப் படித்துவிட்டுப் பதிலைக் குறிக்க வேண்டும், தேர்ச்சி மதிப்பெண் வந்தால் சான்றிதழ். ஓபி, ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் முடித்து, சாப்பிட்டு, வீடு அடங்கிய பிறகு லேப்டாப்பைத் திறந்தால் போதும். மவுண்ட் ரோடு டிராஃபிக் இல்லை, பொன்னாடை இல்லை.

கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு எல்லா சர்ஜனுக்கும் தெரிந்த விஷயம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். லேப்பராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுக்கும்போது, எது தெரிந்த பிறகு குழாய்களை அடைத்து வெட்டக் கிளிப் போடலாம்? 1995-இல் ஸ்ட்ராஸ்பெர்க்கும் அவருடைய சகாக்களும் இதே அமெரிக்க இதழில் இதற்கு ஒரு வரையறை கொடுத்தார்கள். பித்தப்பைக்கும் கல்லீரலுக்கும் பித்தக்குழாய்க்கும் நடுவே இருக்கும் முக்கோணப் பகுதியில் கொழுப்பும் நார்த்திசுவும் முழுக்க விலக்கப்பட்டிருக்க வேண்டும், பித்தப்பையின் கீழ்ப்பகுதி கல்லீரலிலிருந்து பிரிந்து பின்னால் இருப்பது தெரிய வேண்டும், பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு குழாய்கள் போவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூன்றையும் பாராமல் சொல்ல எந்த பிஜியாலும் (முதுகலை மாணவராலும்) முடியும். ஆனால் நல்ல கேள்வி அதைக் கேட்காது. வீங்கி, கல்லாக இறுகிப்போன ஒரு பித்தப்பையில் மூன்றாவது விஷயம் தெரிகிறது, முதலாவது தெரியவில்லை, இப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்கும். பாதிப் பித்தப்பையோடு நிறுத்திவிட்டு வெளியே வருவதும் ஒரு கெட்டிக்காரத்தனம்தான் என்பது அங்கே உட்கார்ந்து யோசிக்கும்போதுதான் உறைக்கும். கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் பொதுப் பித்தநாளத்தில் தவறாகக் கிளிப் விழுந்தால் அந்த நோயாளியின் அடுத்த பல வருடங்கள் ஆஸ்பத்திரியிலேயே கழியும்.

கேள்வி கேட்டால் நினைவில் நிற்கும் என்பதற்கு ஆராய்ச்சியும் உண்டு. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் காட்டினார்கள்: பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் முன்னால் நின்றார்கள், ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்ததைத் தானாக நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். எண்பது ஸ்லைடு எங்கே போகிறது என்பது இதிலேயே தெரியும்.

சரி, இவ்வளவு பாராட்டியாகிவிட்டது, இப்போது என் குறைக்கு வருகிறேன். இந்தக் கேள்விகள் நம் நோயாளியை வைத்து எழுதப்பட்டவை இல்லை.

குடல்வால் அழற்சியை (அப்பென்டிசைடிஸ்) எடுத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் இல்லாமல் ஆன்டிபயாட்டிக்கிலேயே சமாளிக்கலாமா என்பது கடந்த பத்து வருடத்தின் பெரிய விவாதம். பின்லாந்தில் நடந்த ஆப்பாக் ஆய்வு 2015-இல் வந்தது. சிடி ஸ்கேனில் உறுதிசெய்த, கல் அடைக்காத, சிக்கல் இல்லாத நோயாளிகளை மட்டும் எடுத்தார்கள். மூன்று நாள் நரம்பு வழியாக எர்டாபெனம், பிறகு ஏழு நாள் லெவோஃப்ளாக்சசினும் மெட்ரானிடசோலும். 2018-இல் ஐந்து வருட முடிவு வந்தபோது, மருந்து எடுத்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு மறுபடி அழற்சி வந்திருந்தது. 2020-இல் அமெரிக்காவின் கோடா ஆய்வு, 1,552 பேர். மருந்துக் குழுவில் 90 நாளுக்குள் 29 சதவீதம் பேர் ஆபரேஷனுக்குப் போனார்கள், குடல்வாலில் கல் இருந்தவர்களில் அது 41 சதவீதம். இந்த எண்களை வைத்துக் கேள்வி வரும், சரியாகக் குறித்தால் கிரெடிட். அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

ஆனால் நம் ஓபியில் வலது அடிவயிறு வலி என்று வருபவருக்குக் குடல்வால் தவிர இன்னொரு சந்தேகமும் எப்போதும் உண்டு, குடல் காசநோய். அது மிக அதிகமாகப் பிடிக்கும் இடமே சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் அந்த மூலைதான், குடல்வாலுக்குப் பக்கத்து வீடு. லெவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் தாக்கும் மருந்து. அரைகுறையாக ஒரு வாரம் கொடுத்தால் நோய் போகாது, அறிகுறி மட்டும் கொஞ்சம் அடங்கி, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். பின்லாந்தில் இதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. திருவொற்றியூரில் கவலைப்பட்டே ஆக வேண்டும். ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாத ஈ.கோலை என்ற குடல் கிருமி நம் ஊரில் எவ்வளவு சகஜம் என்பதும் அந்தக் கேள்வித்தாளில் கிடையாது. இத்தனைக்கும் 2012-இல் இந்தியாவின் பல மருத்துவச் சங்கங்கள் ஒன்றுகூடி ஆன்டிபயாட்டிக் எதிர்ப்புக்கு வழிவரைபடம் போட்டது இதே ஊரில்தான், அதன் பெயரே சென்னைப் பிரகடனம்.

இன்னொன்று, திரும்பி வருவது. ஆய்வில் நோயாளிக்கு வலி கூடினால் போன் அடித்து வந்துவிடுவார். எங்களிடம் வரும் அம்மா, மாத்திரையிலேயே போயிடுமா என்று சந்தோஷமாகக் கேட்டுவிட்டு அடுத்த மூச்சிலேயே, "நடுராத்திரி திரும்ப வலிச்சா யாரு சார் கூட்டிட்டு வர்றது?" என்பார். கோடா கட்டுரையை எத்தனை முறை படித்தாலும் அதற்குப் பதில் கிடைக்காது. அந்தக் கேள்விக்குப் பிறகு நான் பெரும்பாலும் ஆபரேஷனுக்கே தேதி கொடுக்கிறேன்.

அதனால் ஜர்னல் சிஎம்இயை விடச் சொல்லவில்லை. நானும் நண்பர்கள் சிலரும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அவர்கள் கேள்விகளை முடித்த பிறகு, அதே கட்டுரைக்கு நாங்களே ஒரு கேள்வி எழுதிக் குழுவில் போடுவோம். ஆய்வில் யாரை எடுத்தார்கள், யாரைத் தள்ளினார்கள் என்ற பகுதியை வரி விடாமல் படித்தால்தான் அந்தக் கேள்வியை எழுத முடியும். சண்டை நள்ளிரவு வரை போகும். அதற்குக் கிரெடிட் யாரும் தரமாட்டார்கள்.

கிரெடிட் என்றதும் ஒரு எச்சரிக்கை. அமெரிக்க இதழ்கள் தருவது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏஎம்ஏ பிஆர்ஏ முதல் வகைக் கிரெடிட், அந்த நாட்டு டாக்டர்களின் கணக்குக்காக உருவானது. நம் கவுன்சில், தான் அங்கீகரித்த நிகழ்ச்சிகளுக்குத்தான் மணிக்கணக்கு கொடுக்கிறது. எனவே அந்தச் சான்றிதழை நம்பி ஞாயிற்றுக்கிழமைகளை மொத்தமாகக் கைகழுவிவிடாதீர்கள், கேட்டுவிட்டு முடிவெடுங்கள். அப்புறம் காசு. ஜர்னல் சந்தா தனி ஆளுக்குக் கட்டுப்படியாவதில்லை. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட ஒரே நாடு ஒரே சந்தா திட்டம், மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய் செலவில், 30 பதிப்பாளர்களின் ஏறக்குறைய 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. அரசு மருத்துவக் கல்லூரி பிஜிக்கு நிஜமாகவே வரம். தனியார் நர்சிங் ஹோமில் இருப்பவருக்கு அந்தக் கதவு கிடையாது, கல்லூரி வாசலைத் தாண்டிய பிறகு சர்ஜன் படிக்க வேண்டியதில்லை என்று யாரோ முடிவு செய்த மாதிரி.

நம் கேள்வி நம்மிடமிருந்துதான் வர வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் ஹெர்னியா வலை, அதாவது குடலிறக்க ஆபரேஷனில் பலவீனமான இடத்தில் உள்ளே வைக்கும் வலை. கம்பெனி வலைக்குப் பணம் இல்லாத நோயாளிகளுக்கு, சுத்திகரித்த கொசுவலைத் துணியையே வைத்தால் என்ன என்று மகாராஷ்டிராவின் சின்ன ஊர் ஒன்றில் டாக்டர் தொங்காவ்கர் யோசித்தார். பல இடங்களில் செய்து பார்த்த அனுபவத்தை அவரும் சகாக்களும் 2003-இல் இந்தியன் ஜர்னல் ஆஃப் சர்ஜரியில் எழுதினார்கள். 2016-இல் உகாண்டாவில் சுமார் 300 ஆண்களிடம் நடந்த முறையான ஒப்பீட்டு ஆய்வு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஹெர்னியா திரும்ப வருவதில் மலிவு வலைக்கும் கம்பெனி வலைக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இந்தியன் ஜர்னலை நடத்தும் இந்திய அறுவை மருத்துவர் சங்கம் 1938-இல் பிறந்தது, அதன் அலுவலகம் நம் சேப்பாக்கத்தில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட கட்டுரைகளுக்குக் கீழே நான்கு கேள்வி, அதற்குக் கவுன்சில் கிரெடிட், இதைத்தான் கேட்கிறேன். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நான் தயார். முதல் கேள்வி இதோ: 24 வயது, இரண்டு நாளாக வலது அடிவயிறு வலி, மூன்று மாதத்தில் எடை குறைந்திருக்கிறது, ஸ்கேனில் குடல்வால் லேசாகத் தடித்திருக்கிறது, ராத்திரி ஷிப்ட் வேலையை விட முடியாது, வீட்டில் உடனிருக்க ஆள் இல்லை. லெவோஃப்ளாக்சசின் எழுதுவீர்களா?